பழைய சொல்

அந்த அலுவலகத்தின் பயிற்சி அறை கீழ்த்தளத்தில் இருந்தது. ஒரு காலத்தில் பழைய கோப்புகளைப் போட்டு வைத்த இடம். பதினான்கு படி இறங்க வேண்டும். ஏழாவது படியிலேயே ஈரக் காகித வாடை மூக்கில் ஏறிவிடும். ஜன்னல் கிடையாது. ஒரு குழல் விளக்கு மட்டும் எரியலாமா வேண்டாமா என்று யோசித்தபடி துடித்துக்கொண்டிருக்கும். சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய தொலைபேசி மாட்டியிருந்தது. அதன் வயர் சுவரோடு இறங்கிப் பாதியில் அறுந்து, நுனியில் செம்புக் கம்பி எட்டிப் பார்த்தது.

போன வருஷமும் அங்கேதான் வகுப்பு எடுத்தேன்.

"மறுபடியும் நீங்கதானா மேடம்?" என்றார் சிஸ்டம் சார். அந்த அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் கவனித்துக்கொள்பவர். எனக்குப் பூட்டு மேடம் என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

"ஏன் சார், போன வருஷப் பாடம் கசந்துபோச்சா?"

அவர் சிரிக்கவில்லை. "வேற ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டோம். மேலிடத்துல உங்களையே அனுப்பிட்டாங்க." புரொஜெக்டர் வயரைச் சொருகிவிட்டு நிமிராமலே சொன்னார்: "ஒண்ணு மட்டும் மேடம். பதினொண்ணரைக்கு டீக்கு விட்டுடுங்க. பதினொண்ணு நாற்பதுக்கு இங்க யாரும் இருக்க மாட்டாங்க."

"டீ அவ்வளவு நல்லா இருக்குமா?"

"விட்டுடுங்க," என்றார்.

பன்னிரண்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. ஏமாறாமல் இருப்பது எப்படி என்று அலுவலகம் அலுவலகமாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன். "ஊருக்கெல்லாம் பூட்டு விக்கிற. நம்ம வீட்டுக் கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் ஆடுது," என்பார் என் வீட்டுக்காரர். சொல்லட்டும். உள்ளே நுழைந்ததும் பிளாஸ்டிக் கூடையை நீட்டி எல்லோருடைய போனையும் அணைத்து வாங்கி வைப்பேன். முதல் வரிசை மேசையில் இருக்கும் கீபோர்டைக் கவிழ்ப்பேன். பாஸ்வேர்டு எழுதி ஒட்டிய சீட்டு கண்டிப்பாக அடியில் இருக்கும். எல்லோரும் சிரிப்பார்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னால் வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள் என்பேன். அவசரப்படுத்துகிறவன் திருடன் என்பேன். பத்து வினாடி குரல் கிடைத்தால் போதும், உங்கள் பிள்ளை மாதிரியே கம்ப்யூட்டர் அழும், அதனால் குரலை நம்பாதீர்கள் என்பேன்.

கடைசியாக வீட்டுச் சொல்.

"வீட்டுக்குன்னு ஒரு சொல் வெச்சுக்கோங்க. ஆபத்துன்னு யாராவது போன் பண்ணா, குரல் யாரோடதா இருந்தாலும் சரி, சொல் என்னன்னு கேளுங்க. சொல்லலைன்னா வெச்சிடுங்க. வீட்டுக்கு வெளிய ஒருத்தருக்கு அந்தச் சொல் தெரிஞ்சாக்கூட அது செத்த சொல். உடனே மாத்திடுங்க."

அன்றைக்கும் இதுவரை எல்லாம் வழக்கம்போலத்தான் போனது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு பேர், இருபத்திரண்டு கல். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் தபால் அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். வருகிற போகிற தபால்களைப் பதிகிற பிரிவில் இருப்பவர், ஐம்பது வயதிருக்கும். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"அட, நம்ம கதாநாயகி!" என்றேன். "இந்தக் கதையை ஒரு வருஷத்துல நாற்பது இடத்துல சொல்லிட்டேன். இன்னைக்கு இவங்க முன்னாடியே சொல்றேன், கேளுங்க. போன வருஷம் இதே ரூம்ல எல்லாரையும் வீட்ல வெச்சிருந்த பழைய சொல்லை மாத்தச் சொன்னேன். புதுசா ஒண்ணைச் சீட்டுல எழுதிக் குடுத்தாங்க. நான் பார்த்து வாங்கி வெச்சு, வகுப்பு முடியும்போது கிழிச்சுப் போட்டேன். டீ நேரத்துல போனைத் திருப்பிக் குடுத்ததும் அக்காவுக்கு ஒரு கால். வீட்டுக்காரர் குரல் மாதிரியே. விபத்துன்னு அழுகை. அக்கா அசரலையே! சொல் என்னன்னு கேட்டாங்க. அவன் பழைய சொல்லைச் சொன்னான். பழைய சொல்லு! எப்படியோ திருடியிருக்கான். காலைல மாத்தினதால தப்பிச்சாங்க. அக்கா மூணு தடவை போனை வெச்சுட்டு வந்து என்கிட்ட சொன்னாங்க. எல்லாரும் இன்னொரு தடவை கை தட்டுங்க!"

நான் மட்டும்தான் தட்டினேன்.

அந்த அறையில் என் கைதட்டல் சத்தம் ஈரத்துணியை அடித்துத் துவைப்பது போலக் கேட்டது.

"மிச்சத்தை நான் சொல்லட்டுமா மேடம்?" என்றார் தபால் அக்கா.

"சொல்லுங்க அக்கா."

"அது அவர்தான்."

குழல் விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது.

"வண்டி கவுந்து ரோட்டோரமாக் கிடந்திருக்கார். அவர் போன் நொறுங்கிப்போச்சு. வழியில போன யாரோ ஒரு புண்ணியவான் தன்னோட போனை அவர் காதுல வெச்சிருக்கார். 'நான்தான்டி, வெள்ளைக் காக்கா, வெள்ளைக் காக்கா'ன்னு சொன்னார். அதுதான் எங்க பழைய சொல்லு. இல்லாததைச் சொன்னா எங்க வீட்ல வெள்ளைக் காக்கா பறக்குதும்பார், அதையே வெச்சிருந்தோம். நான் வெச்சுட்டேன். மறுபடி வந்துது. வெச்சுட்டேன். மூணாவது தடவையும் வெச்சுட்டு உங்ககிட்ட ஓடி வந்தேன். அந்த நம்பரை முடக்கிடுங்கன்னு சொன்னீங்க. முடக்கிட்டேன். அப்புறம் எல்லாரும் கை தட்டினாங்க."

தட்டிய கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"உடனே ஆள் போயிருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டார்னு டாக்டர் சொல்லிட்டார் மேடம். அதுக்கு உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா பேசியிருக்கலாம்ல? ரெண்டு வார்த்தை?"

எங்கள் தொழிலில் ஒரு பால பாடம் உண்டு. புதுச் சாவி எதிர்முனையில் இருப்பவர் கைக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் பழைய சாவியை எறியக் கூடாது. கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் பேசும்போதுகூட அதை மீற மாட்டோம். மனுஷர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது மறந்துவிட்டேன். காலையில் மாற்றச் சொல்லிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன். அக்காவின் கணவருக்குச் சாயங்காலம் வரவே இல்லை.

நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. யாரும் சொல்லாமலே எல்லோரும் எழுந்து படியேறினார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று முப்பத்தெட்டு. கீழே நான், தபால் அக்கா, படியின் அடியில் சிஸ்டம் சார்.

"மேல வாங்க மேடம்," என்றார் அவர், மெதுவாக.

"ஏன்?"

அறுந்த வயரோடு தொங்கிய அந்தத் தொலைபேசி அடித்தது.

பழைய மணி. வறட்டு இருமல் போன்ற சத்தம்.

"ஒரு வருஷமா," என்றார் சிஸ்டம் சார். "வேலை நாள்ல மட்டும். நான்தான் வயரை வெட்டினேன்."

தபால் அக்கா எழுந்து போய் ரிசீவரை எடுத்தார். காதில் வைத்துக்கொள்ளவில்லை. என் பக்கம் நீட்டினார்.

ஏமாற்று வேலைகளைக் கண்டுபிடிப்பதுதானே என் வேலை? முதலில் வயரைத்தான் தேடினேன். பின்னால் வேறு கம்பி இல்லை, ஒட்டிவைத்த கருவி இல்லை. அறுந்த செம்பு நுனியை விரலால் தொட்டேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

காதில் வைத்தேன். முதலில் வண்டிகள் விரைகிற இரைச்சல். அதற்குள் ஒரு மூச்சு, தண்ணீருக்குள்ளிருந்து இழுப்பது போல.

"நான்தான்டி," என்றது ஓர் ஆண்குரல். "சோப்பு டப்பாவா?"

கொஞ்ச நேரம் காத்திருந்தது. பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு வாத்தியார் முகத்தையே பார்க்கிற பிள்ளையைப் போலக் காத்திருந்தது.

"துடைப்பம்? ... சாவிக்கொத்து? ... கொசுவலை? ... இதுவும் இல்லையா?"

ரிசீவர் என் கையிலிருந்து நழுவிச் சுவரில் மோதி ஆடியது. ஆடிக்கொண்டே அது கேட்டது: "படிக்கட்டா?"

"தினமும் இப்படித்தான்," என்றார் தபால் அக்கா. "வீட்டுச் சாமானையெல்லாம் ஒவ்வொண்ணாச் சொல்லிட்டு வரார். எது சரின்னு எனக்கே தெரியாது மேடம். அன்னைக்கு அந்தச் சேதி மண்டையில அடிச்ச அடியில புதுச் சொல்லு எனக்கு அடியோட அழிஞ்சுபோச்சு. அவர் மேல ஏதோ கோவத்துல எழுதினேன்னு மட்டும் ஞாபகம் இருக்கு. சும்மா ஒண்ணுக்கு ஆமான்னு சொல்லிப் பார்த்தேன். 'பொய் சொல்றடி'ன்னு அழுதார். அவருக்கு எப்படியோ தெரியுது."

என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐஸ் மாதிரி இருந்தது அந்தக் கை.

"நீங்க அந்தச் சீட்டைப் பார்த்தீங்க. பார்த்துட்டு 'என்ன அக்கா, வீட்டுக்காரர் மேல கோவமா'ன்னு சிரிச்சீங்க. நான் என்ன எழுதியிருந்தேன்? அதைச் சொன்னீங்கன்னா நான் அவர்கிட்ட ஆமான்னு சொல்லிடுவேன். உள்ள வாங்கன்னு சொல்லிடுவேன். வேற ஒண்ணும் வேண்டாம் மேடம்."

எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று தெரியும்.

இதைச் சொல்லத்தான் இத்தனையும் சொன்னேன். அந்தச் சீட்டுகளை எல்லோர் முன்னாலும் துண்டு துண்டாகக் கிழித்துக் காட்டினேன், உண்மைதான். ஆனால் அதற்கு முன்பு, டீ இடைவேளையில், மேசைமேல் பரப்பி வைத்து ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டேன். 'இப்படியெல்லாம் வைக்காதீர்கள்' என்று அடுத்த வகுப்புகளில் காட்டிச் சிரிக்க வைப்பதற்காக. பிறர் ரகசியத்தைப் படியெடுக்காதே என்று சொல்லிக்கொடுக்கிறவள் செய்கிற காரியம் இது! எத்தனை அலுவலகங்கள், எத்தனை சீட்டுகள். வெளியே தெரிந்தால் மறுநாள் எந்த அலுவலகமும் என்னைப் படியேற விடாது.

மடிக்கணினி அந்த மேசைமேலேயே திறந்திருந்தது. இரண்டு தட்டல் போதும்.

சிஸ்டம் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாபகம் இல்லை அக்கா," என்றேன்.

"நல்லா யோசிங்க மேடம்."

"எத்தனையோ பேர் எழுதறாங்க. கிழிச்சுப் போட்டுடறேன். எப்படி ஞாபகம் இருக்கும்?"

அவர் என் கையை விட்டார். ஆடிக்கொண்டிருந்த ரிசீவரைப் பிடித்து நிறுத்தி, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவது போல மாட்டினார்.

"சரி மேடம். நாளைக்கும் கேப்பார்," என்றார்.

திரும்பும் வழியில், ரயிலில், ஜன்னலோர இருக்கையில் மடிக்கணினியைத் திறந்தேன். நல்ல மத்தியான வெயில். எதிர் இருக்கையில் இரண்டு பெண்கள் மாமியாரைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பதினேழாவது படம் அது. காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தார்.

ஓட்டை வாளி.

இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. ஒரு மாதமாக ஒழுகுகிற வாளியை மாற்றித் தரச் சொல்லி அன்று காலைகூடச் சண்டை என்று என் காதோடு சொன்னார். இருவரும் சிரித்தோம். அன்றைக்கு முதலில் சிரித்தவரும் அவர்தான்.

படத்தை அழித்தேன். அழித்ததைக் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தேன். மற்ற சீட்டுகளையும் அழித்தேன். நான் வகுப்பில் சொல்வதுண்டு: கம்ப்யூட்டரில் அழித்தால் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான்.

மறுநாள் வீட்டில் இருந்தேன். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. தெரியாத எண். கை ஈரமாக இருந்ததால் வீட்டுக்காரர் எடுத்தார்.

"யாரு? ... யாருங்க வேணும்?" போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "யாரோ கிறுக்கன். தலையணை உறையான்னு கேக்கறான்."

அடுப்புக்கு மேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று நாற்பது.

"தப்பு நம்பர்," என்றேன்.

"உனக்குத் தெரிஞ்ச ஆளா?"

"தப்பு நம்பர்னு சொல்றேன்ல!"

அந்த எண்ணை முடக்கினேன். அடுத்த நாள் வேறு எண். அதற்கடுத்த நாள் போனை அணைத்து அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். பதினொன்று நாற்பதுக்கு அலமாரிக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. போன் மணிச் சத்தம் இல்லை. அந்தச் சாம்பல் நிறத் தொலைபேசியின் வறட்டு இருமல்.

ஒரு வாரம் கழித்துத் தபால் அக்கா கூப்பிட்டார்.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க வந்துட்டுப் போன நாள்லேர்ந்து அந்த போன் அடிக்கல."

"நல்லதுதானே அக்கா?"

"நல்லதா?" என்றார். "தினமும் பதினொண்ணரைக்கே போய்க் கீழ உக்கார்ந்துக்கறேன். சிஸ்டம் சார்கூட வயரைச் சேர்த்துக் குடுத்துட்டார், பாவம். ஒண்ணும் இல்லை. தப்புத் தப்பாச் சொன்னாலும் அவர் குரலாச்சே மேடம். அதுவாவது இருந்துது. எங்க போயிட்டார்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது.

"எனக்கு எப்படித் தெரியும் அக்கா?" என்றேன்.

அடுத்த வகுப்பு ஒரு புதுக் கட்டடத்தில். பத்தாவது மாடி. மூன்று பக்கமும் கண்ணாடி. வெயில் தரையில் விரித்த வேட்டி மாதிரிக் கிடந்தது. இருட்டு ஒளிய ஒரு மூலை இல்லை. முதலில் அதைத்தான் பார்த்து வைத்துக்கொண்டேன். இருபத்தெட்டு பேர். இருபத்தெட்டு போன்களையும் அணைத்துக் கூடையில் வாங்கி வைத்தேன். என் போனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். கதாநாயகி கதையைச் சொல்லவில்லை. வீட்டுச் சொல் பாடத்தை மட்டும் ஒப்புக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வங்கி, கீபோர்டு, சிரிப்பு என்று நேரம் போனதே தெரியவில்லை.

கூடைக்குள் ஒரு போன் இருமியது.

"ஐயோ மேடம், அது என் போன்! சத்தியமா ஆஃப் பண்ணிட்டுத்தான் குடுத்தேன்," என்றாள் முன்வரிசையில் ஒரு பெண்.

"பரவாயில்லம்மா," என்றேன். எடுத்துக்கொண்டு கண்ணாடிச் சுவர் ஓரமாகப் போனேன்.

"நான்தான்டி. ஜன்னல் கம்பியா? ... குடையா? ... கொடிக் கயிறா?"

குரல் முன்னைவிட மெலிந்திருந்தது. இத்தனை சாமான்களையும் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தவனுடைய களைப்பு அதில் இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. முடிந்து போகட்டும் என்று நினைத்தேன். வகுப்புக்கு முதுகைக் காட்டி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, அந்தச் சொல்லைச் சொன்னேன்.

"ஓட்டை வாளி. அதுதான். போதும், போயிடுங்க."

வண்டி இரைச்சல் சட்டென்று நின்றது.

"வாளியா..." என்றது குரல். சின்னதாக ஒரு சிரிப்பு. "அட, அதுவா! புதுசு வாங்கிட்டேனே. வண்டியில மாட்டியிருக்கேன். அவகிட்டச் சொல்லணும்."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சொல்றேன்," என்றேன்.

மூச்சு நின்றது.

"நீங்க யாரு?"

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"நீங்க அவ இல்லையே. அது அவளுக்கு மட்டும்தானே தெரியும்?" குரல் இப்போது தெளிவாக, காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசியது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கண்ணாடிக்கு வெளியே பத்து மாடி வெயில். என் முதுகில் வேர்வை வழிந்தது.

"அப்போ அது செத்த சொல்லு," என்றது, வருத்தமாக. "மாத்தியிருப்பா. உடனே மாத்திடணும்னு வகுப்புல சொல்லிக்குடுத்தாங்களாம்."

போன் அணைந்தது. கறுப்புத் திரையில் என் முகம் தெரிந்தது.

திரும்பினேன். இருபத்தெட்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எல்லாம் சரிதானே மேடம்?" என்று யாரோ கேட்டார்கள். சரிதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

கூடைக்குள் இன்னொரு போன் இருமியது.

பிறகு அதன் பக்கத்தில் இருந்தது. பிறகு அதற்கு அடியில் இருந்தது. ஒவ்வொன்றாக எல்லாத் திரைகளும் ஒளிர்ந்தன. பிளாஸ்டிக் கூடை அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்பை நோக்கி நகர்ந்தது.

கூடைக்கு அருகில் இருந்த பெரியவர், ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம் இருப்பவர், தன் போனை அடையாளம் கண்டு எடுத்துக் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், யாரோ பாவம், மூக்குக்கண்ணாடிக் கூடான்னு கேக்கறார்," என்றார். "ஆமான்னு சொல்லவா, இல்லைன்னு சொல்லவா?"